1 எச்.பி. எஞ்சினில் தொடங்கிய வாழ்க்கை

தனி வீட்டில் குடியிருந்த நாட்களில் கிணற்றடியிலோ சம்ப் ஓரமாகவோ ஒரு மோட்டார் வைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அது 1 எச்.பி. மோட்டாராகத்தான் இருந்திருக்கும். ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர் ஏறும். காயில் கருகிப் போகும்வரை அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மின்சாரமே இல்லாத காலத்தில், அதே 1 எச்.பி. சக்தியுள்ள ஒரு நீராவி எஞ்சினைத் தானே செய்து, வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, ஒரு சின்ன நீரூற்றையும் ஓடவிட்டவர் ஒருவர் உண்டு. பம்பாயைச் சேர்ந்த அர்தசீர் கர்சேட்ஜி வாடியா. இது 1830-களின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டி இருக்கும்.

நம் குடியிருப்பில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் ஷிஃப்டுக்குப் போய்வருகிறவர்கள் பலர். லேத்தில் நின்றவர்கள் இருக்கிறீர்கள், வார்ப்படப் பட்டறையில் வெந்தவர்கள் இருக்கிறீர்கள். அர்தசீர் செய்தது எவ்வளவு சிரமமான வேலை என்று மற்றவர்களைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும்.

அர்தசீர் 1808 அக்டோபர் 6 அன்று பிறந்தார். பார்சி குடும்பம். வாடியா என்ற பெயரே கப்பல் கட்டுகிறவர் என்ற பொருளில் வந்ததுதான். மூதாதையான லவ்ஜி 1730-களில் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கப்பல் கட்டத் தொடங்கினார். அதன்பின் தலைமுறை தலைமுறையாக பம்பாய்க் கப்பல் தளம் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. அவர்கள் கட்டியவை தேக்குமரக் கப்பல்கள். அவர்களுடைய 'கார்ன்வாலிஸ்' கப்பலின் மேல்தான் 1842-இல் சீனாவும் பிரிட்டனும் நான்ஜிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1817-இல் வெள்ளோட்டம் விட்ட 'திருகோணமலை' இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. காட்டுப்பள்ளிப் பக்கம் போகும்போது நம் மாவட்டத்தின் கப்பல் கட்டும் தளத்தைப் பார்த்திருப்பீர்கள். இரும்பும் வெல்டிங்கும் இல்லாமல், மரத்தை இழைத்து அந்த மாதிரிக் கப்பல்களைக் கட்டிய குடும்பம் அது.

அந்தக் கௌரவத்தின் மேல் நீராவி வந்து நின்றது. 1829-இல் 'ஹ்யூ லிண்ட்சே' என்ற நீராவிக் கப்பல் பம்பாயில் உருவானது. மறு ஆண்டு அது பம்பாயிலிருந்து சூயஸுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேலான நாட்களில் போய்ச் சேர்ந்தது. கப்பலின் உடலைக் கட்டியவர்கள் வாடியாக்கள். உள்ளே இருந்த இரண்டு எஞ்சின்களோ இங்கிலாந்திலிருந்து வந்தவை. எஞ்சின் வந்தால், அதை இயக்கவும் பழுது பார்க்கவும் ஆளும் அங்கிருந்தே வர வேண்டும். நூறாண்டுக் கைத்திறன் உள்ள குடும்பம், தான் கட்டிய கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே நிற்கும் நிலை. காலம் போகப்போக மர வேலை குறையும், எஞ்சின் வேலை கூடும். இளைஞன் அர்தசீருக்கு இது விளங்கியிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். தளத்தில் மரவேலை பழகிக்கொண்டே அவர் மனதை நீராவியில் வைத்தார். வீட்டிலேயே சிறிய ஃபவுண்ட்ரி ஒன்றையும் போட்டார். (நம் சங்கம் பால்கனியில் அதற்கு அனுமதி தராது. அவருக்கு இருந்தது மசகானில் தோட்டத்தோடு கூடிய பங்களா.)

சின்ன எஞ்சின் என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் எஞ்சினின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் சிலிண்டருக்குள் அடங்கும் நீராவி எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் வெப்பம் வெளியேறும் சுவரின் பரப்பு நான்கில் ஒரு பங்காகத்தான் குறையும். அதாவது உள்ளே இருக்கும் நீராவியின் அளவோடு ஒப்பிட்டால் வெப்ப இழப்பு இரட்டிப்பாகிறது. உள்ளே போன நீராவி வேலை செய்வதற்கு முன்பே சுவரில் பட்டு நீராகிவிடும். கசிவும் அப்படித்தான். பெரிய எஞ்சினில் தலைமுடி அளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம். சின்ன எஞ்சினில் அதே இடைவெளி இருந்தால் ஃப்ளைவீல் நகராது. அந்தக் காலத்தில் பிஸ்டனைச் சுற்றி ரிங் போட வழியில்லாத இடங்களில் சணலைச் சுற்றிக் கொழுப்பைத் தடவி அடைத்தார்கள். இறுக்கிச் சுற்றினால் உராய்வில் நின்றுவிடும், தளர்த்திச் சுற்றினால் நீராவி ஓடிவிடும். வால்வு திறக்கும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் பிஸ்டன் பாதி வழியில் நின்றுகொள்ளும். இன்றைக்கும் வீட்டில் சின்ன எஞ்சின் செய்து பார்க்கிறவர்கள் முதலில் பாய்லரைத் தொடாமல், காற்றழுத்தத்தில் ஓடவிட்டுச் சரிபார்ப்பது இதனால்தான். பாய்லர் வெடிக்கும் அபாயமும் அதில் இல்லை.

இதையெல்லாம் கையால் செய்து பார்த்த ஒருவருக்கு எஞ்சின் என்பது மூடிய பெட்டியாக இருக்காது. 1833-இல் அவர் 60 டன் எடையுள்ள 'இண்டஸ்' என்ற சிறு கப்பலைக் கட்டி, அதில் நீராவி எஞ்சினைப் பொருத்தினார். 1834-இல் தன் பங்களாவிலும் தோட்டத்திலும் எரிவாயு விளக்குகளை எரியவிட்டார். பம்பாய் அதுவரை எண்ணெய் விளக்கில் இருந்த ஊர். ஆளுநர் கிளேர் பிரபுவே அந்த வெளிச்சத்தைப் பார்க்க அவர் வீட்டுக்கு வந்தார்.

1839-இல் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அங்கே கப்பல் தளங்களையும் எஞ்சின் ஆலைகளையும் பார்த்தார், பொறியாளர்களோடு பழகினார். 1841 மே 27 அன்று லண்டன் ராயல் சொசைட்டி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

அதே 1841-இல் கம்பெனி அவரை பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளராகவும் எந்திரங்களின் ஆய்வாளராகவும் அமர்த்தியது. அவருக்குக் கீழே ஐரோப்பிய ஃபோர்மேன்கள், நூறு பேர் அளவுக்கு ஐரோப்பிய எஞ்சினியர்களும் பாய்லர் தொழிலாளர்களும், இருநூறு பேர் அளவுக்கு இந்தியத் தொழிலாளர்கள். இந்தியர் ஒருவர் வெள்ளைக்காரர்களை மேய்ப்பதா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. எவ்வளவு திறமையும் படிப்பும் இருந்தாலும் ஓர் இந்தியரால் இப்படிப்பட்ட ஆலையைக் கட்டி நடத்த முடியாது என்று பம்பாய் டைம்ஸ் எழுதியது. யோசித்துப் பாருங்கள், ராயல் சொசைட்டிக்குச் சரியென்று பட்டவர் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சரிப்படவில்லை. அர்தசீர் 1857 வரை, ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள், அந்த ஆலையை நடத்தினார். பாய்லர் தாங்குமா தாங்காதா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். தோலின் நிறத்தைப் பார்த்துப் பாய்லர் வெடிக்காமல் இருந்துவிடாது. அந்த ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

பதவிக்கு வந்தபிறகும் வீட்டுப் பட்டறையை அவர் மூடவில்லை. 1849-இல் அமெரிக்காவுக்குப் போய் அங்கத்திய எந்திரங்களைப் பார்த்துவந்தார். தையல் எந்திரம், புகைப்படம், மின்முலாம் பூசுதல் ஆகியவற்றை பம்பாய்க்குக் கொண்டுவந்தவர் என்றும் அவரைச் சொல்வார்கள். 1851 பிப்ரவரியில் 80 டன் நீராவிக் கப்பல் ஒன்றை வெள்ளோட்டம் விட்டார். அதன் பெயர் 'லவ்ஜி ஃபேமிலி'. எந்தக் குடும்பத்துக்கு எஞ்சின் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததோ அந்தக் குடும்பத்தின் பெயரையே அதற்கு வைத்தார். அதன் பாகங்கள் அத்தனையும் அவருடைய வீட்டு ஃபவுண்ட்ரியிலேயே உருவானவை. நீரூற்றுக்குத் தண்ணீர் இறைத்த எஞ்சினுக்கும் இதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் இருக்கும். என்னைக் கேட்டால், ராயல் சொசைட்டி தேர்வைவிட இதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய நாள்.

பின்னர் 1860-களின் தொடக்கத்தில் சிந்து நதியில் கப்பல் விட்ட இண்டஸ் ஃப்ளோட்டில்லா கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்தார். 1863-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் லண்டனை அடுத்த ரிச்மண்டில் குடியேறினார். அங்கேயே 1877 நவம்பர் 16 அன்று காலமானார். இந்திய அரசு 1969-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. வீட்டில் பழைய தபால்தலை ஆல்பம் இருந்தால் புரட்டிப் பாருங்கள்.

அர்தசீருக்குப் பிறகு ராயல் சொசைட்டி இன்னொரு இந்தியரை ஃபெலோவாக எடுக்க 77 ஆண்டுகள் ஆயின. 1918-இல் அந்த இடத்தைப் பெற்றவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நம் ராமானுஜன். 1914 மார்ச்சில் அவரைச் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றிச்சென்றது 'நெவாசா' என்ற நீராவிக் கப்பல்.