சென்னையில் பிறந்த பொட்டி ஸ்ரீராமுலு

நம் காட்டுப்பாக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி சென்று, திருத்தணிப் பேருந்தில் ஏறுவோம். திருத்தணியைக் கடந்து மேலும் சிறிது தூரம் போனால் நகரி. கடைப் பலகைகளில் எழுத்து மாறியிருக்கும், மாநிலமும் மாறியிருக்கும். அந்த எல்லை பிறந்த கதையில் ஓர் உயிர்ப்பலி உண்டு. ஆந்திர மக்கள் அமரஜீவி என்று போற்றும் பொட்டி ஸ்ரீராமுலுவே அவர். அவர் பிறந்ததும் இறந்ததும் நம் சென்னையில்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1901 மார்ச் 16 அன்று, ஜார்ஜ் டவுன் அண்ணாப்பிள்ளைத் தெருவில், நெல்லூர்ப் பக்கத்துப் பூர்விகம் கொண்ட குடும்பத்தில் அவர் தோன்றினார். சென்னையில் படித்து, பின் பம்பாயில் சுகாதாரப் பொறியியல் பயின்று, ரயில்வேயில் அமர்ந்தார். 1929-இல் மனைவியையும் பச்சைக் குழந்தையையும் இழந்தார். பிறகு வேலையைத் துறந்து காந்தியடிகளின் ஆசிரமம் புகுந்தார். உப்பு சத்தியாக்கிரகத்திலும் 1942 போராட்டத்திலும் சிறை சென்றார்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது நெல்லூர்ப் பகுதிதான். 1946-இல் மூலப்பேட்டை வேணுகோபாலசுவாமி கோயிலைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்க வேண்டுமென்று உண்ணாநோன்பு இருந்தார். தீண்டாமைக்கு எதிரான வாசகங்கள் எழுதிய அட்டையைத் தாங்கி, செருப்புமின்றிக் குடையுமின்றிக் கொளுத்தும் வெயிலில் தெருத்தெருவாக நடந்தார். பித்தன் என்று நகைத்தோரும் உண்டு. இன்று அவர் சிலைக்கு மாலையிடுவோர் இதனை ஏனோ அதிகம் பேசுவதில்லை.

அந்நாளைய சென்னை மாகாணத்தில் தமிழரும் தெலுங்கரும், மலையாளிகளும் கன்னடியரும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தனர். தெலுங்கர் தனி மாநிலம் கேட்டனர். சென்னை நகரம் யாருக்கு என்பதே பெரும் சிக்கல். ஆந்திரத் தலைவர்கள் நகரத்தையும் கேட்க, ம. பொ. சிவஞானம் முதலியோர் அதனை விட்டுக்கொடுக்க மறுத்தனர். 1951-இல் சுவாமி சீதாராம் இருந்த 35 நாள் உண்ணாநோன்பும் பயன் தரவில்லை.

1952 அக்டோபர் 19 அன்று, மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில் ஸ்ரீராமுலு நோன்பைத் தொடங்கினார். நாள்கள் உருண்டன, உடல் ஓய்ந்தது. டில்லியோ அசையவில்லை. டிசம்பர் 15 இரவு, 58-ஆம் நாளில், உயிர் பிரிந்தது. ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன, ரயில்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் மேலும் உயிர்கள் போயின. டிசம்பர் 19-இல் பிரதமர் நேரு ஆந்திர மாநில அறிவிப்பை வெளியிட்டார். 58 நாளில் வராத முடிவு நான்கே நாளில் வந்தது! அந்த அறிவிப்பைச் சற்று முன்பே தந்திருக்கலாகாதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு பிறந்தது. சென்னை நகரம் நமக்கே நின்றது. பிற மொழியினரின் கோரிக்கைகளும் வலுக்கவே, பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்புக் குழு அமைந்தது. 1956 நவம்பர் 1 அன்று இந்தியாவின் வரைபடமே மாற்றி எழுதப்பட்டது. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போன திருத்தணி, நெடிய போராட்டத்துக்குப்பின் 1960 ஏப்ரல் 1 அன்று நம்மிடம் திரும்பியது.

நெல்லூர் மாவட்டம் 2008-இல் அவர் பெயரைப் பெற்றது. அவர் உயிர் துறந்த இல்லமோ, அவர் கேட்ட மாநிலத்துக்கு வெளியே, நம் இராயப்பேட்டை நெடுஞ்சாலையில் நினைவிடமாக உள்ளது.