ராமனும் எளிய கருவியும்

பிப்ரவரி 28 வந்துவிட்டால் சர் சி. வி. ராமனைப் பற்றிப் பேசாத விஞ்ஞான மாணவர் இல்லை. 1987 முதல் அந்நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. மேடை ஏறியவர்கள் நோபல் பரிசையும் மத்தியதரைக் கடலின் நீலத்தையும் சொல்லி மாலையைப் போட்டு இறங்கிவிடுகிறார்கள். அப்பெரியார் எத்தகைய கருவிகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார், அவற்றை எப்படித் தேர்ந்தார் என்று சொல்வார் அரிது. பௌதிகம் பயிலும் எனக்கோ அதுவே அவர் வரலாற்றில் மிகச் சுவையான பகுதியாகப் படுகிறது. இடையே மௌஸைப் பற்றியும் கொஞ்சம் பேசப் போகிறேன்; நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் ராமன். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கையில், நாம் எல்லோரும் செய்முறை வகுப்பில் திருகித் திருகி அலுத்துப்போகும் அதே நிறமாலைமானியால் பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார் இளைஞர். ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒத்திராமல் கோணலாகத் தெரிந்தன. நாமாயிருந்தால் கருவி சரியில்லை என்று எழுதிவைத்து அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். அவர் விடவில்லை. அதைப் பற்றிய கட்டுரை 1906-இல் லண்டன் பிலசாபிகல் மாகஸீனில் வெளிவந்தது. அப்போது வயது பதினெட்டுதான்.

1907-இல் நிதித்துறைத் தேர்வில் முதலாவதாகத் தேறி, லோகசுந்தரி அம்மையாரை மணந்து, துணைக் கணக்காய்வுத் தலைவராகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். ஆராய்ச்சிக்கும் அவருக்கும் இனி உறவே இல்லை என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். ஒருநாள் டிராமில் செல்கையில் பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் அது. கருவிகள் இருந்தன; எடுத்துப் புழங்கத்தான் ஆளில்லை. கதவைத் திறந்துவிட்ட ஆசுதோஷ் தே என்னும் ஆசு பாபு, பல்கலைக்கழகத்தில் படிக்காதவர், பின்னர் ராமனின் வலக்கையாகவே ஆனார். ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிப் போய் 1911-இல் திரும்பியதும், ராமன் சங்கத்தை ஒட்டியே குடியேறினார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆய்வுக்கூடம். பத்து மணிக்குள் குளித்து உண்டு ஓட்டமாக அலுவலகம். மாலை ஐந்துக்கு மீண்டும் ஆய்வுக்கூடம். இரவு ஒன்பதரை, பத்து வரை அங்கேதான். பத்தாண்டு இப்படி!

சங்கத்திடம் பணம் அதிகம் இல்லை. ஆகவே ஒலியை ஆராய்ந்தார். தந்தி, இசைக்கவை, ஒரு காமிரா இருந்தால் போதுமல்லவா? மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே பூசும் கறுப்புப் பூச்சுதான் அவற்றுக்கு இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்று 1920-இல் அவரும் சிவகாளி குமாரும் எழுதினார்கள். அதே காலத்தில் சங்கத்துப் பட்டறையிலேயே, பிடில் வாசிக்கும் பொறி ஒன்றும் எழுந்தது. வில்லை அசையாமல் நிறுத்திப் பிடிலை முன்னும் பின்னும் நகர்த்தும் விசித்திரப் பொறி! வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் தனித்தனியே மாற்றி அளக்கலாம். தேவையானது அவ்வளவே, பொறியில் இருந்ததும் அவ்வளவே.

இங்கேதான் மௌஸ் வருகிறது. எங்கள் விடுதியில் இவ்வாண்டு அரசியலைவிட அதிகமாக அடிபட்ட விவாதம், விளையாட்டுக்கும் ஆய்வேட்டு வேலைக்கும் ஒன்றாக உழைக்கும் மௌஸ் எது என்பது. சாந்தினி சௌக்கில் கடைக்காரரைத் தாதா என்று அழைத்து (நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு பொருள், இங்கே அண்ணன்) கேட்டால், ஏழு வண்ண விளக்கு எரிவதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். விளக்கு கையை வேகப்படுத்தாது. பெட்டியில் பெரிதாக அச்சடித்த பதினாறாயிரம் டிபிஐ நம் திரைகளுக்குத் தேவையே இல்லை. மௌஸில் தேய்வது எது? இடப்பொத்தானின் கீழிருக்கும் சிறு சுவிட்ச். தேய்ந்தால் ஒரு முறை அழுத்தியது இரு முறையாகப் பதியும். அடுத்து, வயர் உள்ளே நுழையும் கழுத்து, அப்புறம் சக்கரம். சுவிட்சின் ஆயுளைச் சொடுக்கின் எண்ணிக்கையில் சொல்வார்கள். ஒரு கோடி என்றால், நாளுக்கு ஐயாயிரம் வீதம் 2,000 நாள், ஏறக்குறைய ஐந்தரை ஆண்டு. காசு அங்கே போகட்டும். வயர் உள்ளது, பாட்டரி வேண்டாதது, வினாடிக்கு ஆயிரம் முறை கணினிக்குச் செய்தி அனுப்புவது, உள்ளங்கைக்கு அடங்குவது, பொத்தான் குறைந்தது: ராமன் கடைக்கு வந்திருந்தால் இப்படி ஒன்றைத்தான் எடுத்திருப்பார் என்பது என் துணிபு.

மௌஸின் அடியில் ஒரு சிறு விளக்கும் கண்ணும் இருக்கின்றன. மேசையில் பட்டுச் சிதறும் ஒளியை வினாடிக்குப் பல ஆயிரம் படங்களாகப் பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று அது கணக்கிடுகிறது. தெளிந்த கண்ணாடி மேசையில் பெரும்பாலும் திணறும். ஒளி சிதறித் திரும்பினால்தானே! அந்த ஒளிச்சிதறலே ராமனின் ஆயுட்காலப் பொருளாயிற்று.

1917-இல், சம்பளம் குறைந்தாலும் கவலையின்றி அரசுப் பதவியை உதறிவிட்டு, சர் ஆசுதோஷ் முகர்ஜி அழைத்த பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார் ராமன். 1921-இல் இங்கிலாந்து சென்று நார்க்குண்டா கப்பலில் திரும்புகையில், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற ராலே பிரபுவின் கருத்தைச் சோதிக்க அவர் கையிலெடுத்தது ஒரு நிக்கல் பட்டகம். சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி. தக்க கோணத்தில் பிடித்ததும் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பு அணைந்தது. நீலமோ முன்னிலும் ஆழ்ந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அடுத்த ஏழாண்டுகள் அவருடைய மாணவர்கள் திரவம் திரவமாக ஆராய்ந்தார்கள். 1923-இல் கே. ஆர். ராமநாதன் தூய நீரிலும் ஒரு மங்கிய வேற்றொளி இருப்பதைக் கண்டார். 1928 தொடக்கத்தில் கே. எஸ். கிருஷ்ணன் இரவுபகலாக அதைத் துரத்தினார். சூரிய ஒளியைத் தொலைநோக்கிக் கண்ணாடியால் குவித்து, ஊதாநிற வடிகட்டி வழியே திரவத்தில் பாய்ச்சி, அந்த ஊதாவை அறவே தடுக்கும் மற்றொரு வடிகட்டியைக் கண்முன் வைத்துப் பார்த்தார்கள். இருள்தான் தெரியவேண்டும், ஒளி தெரிந்தது! பிப்ரவரி 28 அன்று நிறமாலைநோக்கியில் அது தனியாகப் பிரிந்து நின்றது. பின்னர் பாதரச விளக்கொளியில் கோடுகள் தெளிவாயின. பரிசு ராமனுக்கு மட்டும் சென்றது. கிருஷ்ணனின் கண்களை மறப்பது நன்றியன்று.

இருநூறு ரூபாய்க் கருவி என்று இதை ஏழ்மையின் பெருமையாகப் பேசுகிறோம். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. சிதறிய ஒளி அசுத்தத்தின் ஒளிர்வோ என்ற ஐயம் எழும் என்பதால், திரவங்களை வெற்றிடத்தில் மெல்ல மெல்லத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார்கள். உழைப்பெல்லாம் அங்கே கொட்டப்பட்டது. கோடுகளைப் படம்பிடிக்க வேண்டியபோது இங்கிலாந்தில் ஹில்கர் நிறுவனம் செய்த குவார்ட்ஸ் நிறமாலைவரைவியே பயன்பட்டது. அதில் சிக்கனம் பார்க்கவில்லை. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் அதே வாரங்களில் குவார்ட்ஸ் படிகத்தில் அதே விளைவைக் கண்டிருந்தார்கள். முதலில் அச்சேறியவை கல்கத்தாவின் கடிதங்கள். வேண்டாததில் ஒரு காசு செலவழிக்காதவர், வேண்டியதில் கையைச் சுருக்கிக்கொள்ளவும் இல்லை. சிறு உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்யும் நமக்கு இந்த இரண்டாம் பாதியும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் இருப்பதை வைத்துச் செய் என்று சொல்லும் எவருக்கும் ராமனின் பெயர் ஒரு சாக்காகிவிடும்.

1930-இல் நோபல் பரிசு, 1933-இல் பெங்களூர், 1948-இல் சொந்த ஆராய்ச்சி நிலையம். 1970 நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். அந்நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது. சங்கம் ஜாதவ்பூருக்கு இடம் மாறிவிட்டது. பௌபஜார் வீதியின் பெயரும் பிபின் பிஹாரி காங்குலி வீதி என்று மாறிவிட்டது; 210-ஆம் எண்ணில் இன்று கோயங்கா வணிகக் கல்லூரி நடக்கிறது. சாந்தினிக்கு மௌஸ் வாங்கப் போகும் நண்பர்கள், மெட்ரோவில் ஒரு நிலையம் தள்ளி, சென்ட்ரலில் இறங்கினால் அவ்விடத்தையும் பார்த்துவிட்டு நடந்தே கடைக்குப் போகலாம்.