கல்வராயன் மலைக்கு மட்டக்குதிரையில் வந்த வெள்ளைக்காரப் பாட்டி: யார் இந்த எவலின் பிராண்ட்?

கல்வராயன் மலை என்றாலே இப்போது பலருக்கும் ஞாபகம் வருவது சாராயச் செய்திதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து, கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் அப்போதுதான் பேச்சுக்கு வந்தன.

அந்த ரோடு எதுவும் இல்லாத காலத்தில், 70 வயதைக் கடந்த ஒரு லண்டன்காரப் பெண் இந்த மலைக்கு மட்டக்குதிரையில் வந்து ஊழியம் செய்திருக்கிறார். பெயர் எவலின் பிராண்ட். ‘பாட்டி பிராண்ட்’ என்றால்தான் பலருக்கும் தெரியும்.

லண்டன் டூ கொல்லிமலை

1879-ல் லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர் எவலின். நல்ல உடை, ஓவியப் பயிற்சி என்று எதற்கும் குறையில்லை. 30 வயதைக் கடந்த பிறகு மிஷனரியாகச் சென்னைக்கு வந்தார். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரியைத் திருமணம் செய்துகொண்டு, இருவரும் கொல்லிமலையில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் படித்திருந்தார்.

மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் முதல் சில வருடங்கள் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் ஊர்ப் பூசாரி.

முதல் உலகப் போரின் கடைசியில் விஷக்காய்ச்சல் மலைக்கும் பரவியது. பூசாரியும் மனைவியும் படுத்த படுக்கையானபோது சொந்த பந்தமே கிட்டே போகப் பயந்தது. ஜெஸ்ஸியும் எவலினும்தான் போய்க் கவனித்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டார். மலைக்காரர்களின் பார்வை மாறியது அங்கேதான்.

கால் புண்ணைக் கழுவும் வேலை

அந்தக் காலத்தில் மலையில் பெரிய தொல்லை நரம்புச் சிலந்தி நோய். படிக்கட்டு வைத்த கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுப்பார்கள். ஏற்கெனவே காலில் புழு இருப்பவர் தண்ணீரில் கால் வைத்ததும், அந்தப் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் அது ஒரு வருடம் வளர்ந்து, நீளமான புழுவாகக் காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும்.

வைத்தியம் என்றால், ஒரு குச்சியில் புழுவைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுப்பதுதான். அவசரப்பட்டால் அறுந்து சீழ் பிடிக்கும். ஓவியம் வரையப் பழகிய விரல்கள் அந்த வேலையைப் பல வருடம் செய்தன. கூடவே, கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புங்க, உள்ளே இறங்காமல் வாளி விட்டு இறைங்க என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். எவலின் காலத்திலேயே கொல்லிமலையில் இந்த நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. இந்தியா முழுக்க ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது 2000-ல்தான்.

இங்கே ஒரு விஷயம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் புழங்கும் ‘ஊழியக்காரர்’ என்ற சொல்லுக்கு நேர் அர்த்தம் வேலைக்காரர். இயேசு சீடர்களின் காலைக் கழுவிய சம்பவத்தை நினைத்து, பெரிய வியாழன் அன்று ஆலயங்களில் கால் கழுவும் சடங்கு இன்றும் நடக்கிறது. ஆனால் பிளெக்ஸ் பேனரில் பெரிய போட்டோவோடு ஊழியக்காரர் பெயர் வருகிற இந்தக் காலத்தில், பழைய அர்த்தம் கொஞ்சம் மங்கித்தான் போயிருக்கிறது.

கணவர் இறந்த பிறகு

1929 ஜூனில் மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவன். மரணச் செய்தி தந்தியில் வந்துவிட்டது. ஆனால் அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் அதற்குப் பிறகும் பல வாரங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பால் பிராண்ட்தான் பின்னாளில் வேலூர் சிஎம்சி-யில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சீர்செய்து உலகப் புகழ் பெற்றவர்.

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களிலும் ஊழியம் செய்ய வேண்டும் என்பது கணவன் மனைவி சேர்ந்து எடுத்த முடிவு. அதில் பெரும்பகுதி பாக்கி இருந்தது.

வயது 70-ஐ நெருங்கியதும் மிஷன் அவரை ஊருக்குத் திரும்பச் சொன்னது. இன்னும் ஒரே ஒரு வருடம் என்று கெஞ்சி வாங்கினார். வருடம் முடிந்ததும் சக ஊழியர்கள் வழியனுப்பக் கூடினார்கள். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்: மிஷனில் இருந்து ஓய்வு பெறுகிறேன், ஆனால் லண்டனுக்கு இல்லை, மலைக்குப் போகிறேன்.

தாழ்மை என்றால் சொன்னபடி கேட்டு நடப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் எவலின் தேற மாட்டார். மேலிடத்தோடும் மகனோடும் அவர் மல்லுக்கட்டினார். ஆனால் அந்தப் பிடிவாதத்தால் அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன வீடும் குதிரைச் சவாரியும்தான்.

கல்வராயன் அப்போது ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசு அதை எடுத்துக்கொண்டது 1976-ல். கூலியில்லாமல் வேலை வாங்கும் பழக்கம் இருந்த மலை அது. வெளியாள் என்றால் அதிகாரம் செய்ய வருபவர் என்று பழகிப்போன இடத்தில், புண் கழுவ வந்தவர் இந்தப் பாட்டி.

75 வயதுவாக்கில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தூக்குக் கட்டிலில் மலையிறக்கி, ஜீப்பில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி ஒரு நாள் தூரம், இனி மலை வேண்டாம் அம்மா என்று டாக்டர் மகன் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கம்பை ஊன்றி நடந்தார், மறுபடி குதிரை ஏறினார். அதுவும் முடியாத வயதில் ஊர்க்காரர்களே தூளியில் சுமந்து கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். கடைசி 20 வருடம் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே முடிவு செய்தது.

1974 டிசம்பர் 18 அன்று 95 வயதில் இறந்தார். தனக்காக மரத்தை வீணாக்கிப் பெட்டி செய்யக் கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலை வாழவந்தியில் கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.