கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் உருவாக்கிய குட்டி ஆம்ப்: யார் இந்த லியோ ஃபெண்டர்?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியாச்சு. அடுத்து ஆம்ப் வாங்கணும். கடைக்குப் போனால் 10 வாட், 20 வாட், 50 வாட் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். வாட் கூடக்கூட தரமும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால், சுமார் 5 வாட் மட்டுமே தரும் ஒரு குட்டி ஆம்ப்பை, அது வந்து 70 ஆண்டுகளுக்குப் பிறகும் கலைஞர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அதன் பெயர் ஃபெண்டர் சாம்ப். அதை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. அவர் ஒரு ரேடியோ ரிப்பேர்காரர்.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சு பயிரிட்ட விவசாயக் குடும்பத்தில் 1909 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தார் லியோ. சிறு வயதிலேயே கட்டி வந்து ஒரு கண் போனது. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான்.

13 வயதில் மாமாவின் கடைக்குப் போனபோது, அங்கே அவர் செய்து வைத்திருந்த ரேடியோவும் அதிலிருந்து வந்த பெரிய சத்தமும் பையனைக் கட்டிப்போட்டன. ஊர் திரும்பியதும் வீட்டிலேயே ரேடியோ ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். இத்தனைக்கும் கல்லூரியில் படித்தது கணக்குப் பதிவியல். எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் சொந்த முயற்சியில் கற்றதுதான்.

கணக்கராக வேலைக்குச் சேர்ந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்த வேலை பறிபோனது. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். ஒலிபெருக்கி செட் செய்து வாடகைக்கும் விட்டார். உள்ளூர் இசைக் கலைஞர்கள் பழுதான ஆம்ப்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வரத் தொடங்கினார்கள்.

ரிப்பேர் மேஜை கற்றுக்கொடுத்தது

எந்தப் பாகம் அடிக்கடி கெடுகிறது, எந்த ஒயர் அறுகிறது, எந்தப் பெட்டி வண்டியில் ஏற்றி இறக்கும்போது உடைகிறது என்பதெல்லாம் அந்த மேஜையில்தான் அவருக்குத் தெரிய வந்தது. 1945இல் டாக் காஃப்மன் என்ற நண்பருடன் சேர்ந்து மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களையும் சிறிய ஆம்ப்களையும் தயாரித்தார். அடுத்த ஆண்டே காஃப்மன் விலகிக்கொள்ள, லியோ ஃபெண்டர் என்ற சொந்தப் பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்.

அவருடைய வழி எளிமையானது. ஒன்றைச் செய்வார், வாசிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுப்பார். அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டுவிட்டு மறுபடி கழற்றுவார். 1951இல் டெலிகாஸ்டர், 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் என்று உலகப்புகழ் பெற்ற கிட்டார்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். கிட்டாரின் கழுத்துப் பகுதியை ஒட்டாமல் திருகாணி போட்டு இணைத்ததும் அதே ரிப்பேர்காரர் புத்திதான். கெட்டால் கழற்றி மாற்றிவிடலாமே.

மாணவர்களுக்காக வந்த சாம்ப்

1940களின் கடைசியில் கற்றுக்குட்டிகளுக்காக சாம்பியன் 800, சாம்பியன் 600 என்ற ஆம்ப்கள் வந்தன. 8 அங்குல ஸ்பீக்கர் இருந்தால் 800, 6 அங்குலம் என்றால் 600. 1950களின் நடுவில் இந்த வரிசைதான் சாம்ப் ஆனது.

உள்ளே திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. தாத்தா காலத்து ரேடியோவில் இருந்ததுபோல 3 வால்வுகள். ஒன்று கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும். இரண்டாவது ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குச் சக்தி தரும். மூன்றாவது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும். அன்றைய சாம்ப்பில் இருந்த குமிழ் ஒன்றே ஒன்று, வால்யூம். அவ்வளவுதான்.

குமிழை முழுக்கத் திருகினால் வால்வு திணறும். அந்தத் திணறலில் பிறக்கும் கரகரப்புதான் பின்னாளில் ராக் இசையின் குரலானது. 50 வாட் ஆம்ப்பை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். 5 வாட்டில் ஒரு அறைக்குள்ளேயே அது கிடைக்கும். அதனால்தான் மாணவர்களுக்கான இந்தப் பெட்டி ஒலிப்பதிவுக்கூடங்களுக்கும் போனது.

இன்னொரு கணக்கு: சத்தம் காதுக்கு இரு மடங்காகத் தெரிய, சக்தி ஏறக்குறைய 10 மடங்கு கூட வேண்டும். அதாவது, அதே ஸ்பீக்கரில் 5 வாட்டைவிட 50 வாட் சுமார் இரண்டு மடங்கு சத்தம்தான்.

நோயும் விற்பனையும்

1950களின் நடுவிலிருந்து லியோவைத் தொற்றுநோய் ஒன்று விடாமல் வாட்டியது. உடல் இனி ஒத்துழைக்காது என்று நினைத்தவர், 1965 ஜனவரியில் நிறுவனத்தை சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். விற்ற பிறகு வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் நோய் குணமானது. ஆனால், அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் கைவிட்டுப் போய்விட்டது.

மனிதர் ஓய்ந்து உட்காரவில்லை. 1970களில் மியூசிக் மேன் நிறுவனத்தில் சேர்ந்தார். சிக்னலைப் பெருக்க டிரான்சிஸ்டர், ஸ்பீக்கரை இயக்க வால்வு என்று இரண்டையும் கலந்த ஆம்ப்கள் அங்கிருந்து வந்தன. 70 வயதை ஒட்டி, பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கினார். பார்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். 1991 மார்ச் 21 அன்று காலமானார். அடுத்த ஆண்டு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் இடம்பெற்றது.

சாம்ப்பை வீட்டிலேயே செய்யலாமா?

சுற்று எளிமையாக இருப்பதால் பலருக்கும் அந்த ஆசை வரும். இங்கேதான் கவனம் தேவை. வால்வு ஆம்ப்புக்குள் மின்னழுத்தம் 300 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவிலிருந்து பழைய சாம்ப்பைக் கொண்டுவந்து நம்மூர் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால், டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். அங்கே மின்சாரம் 120 வோல்ட்தான்.

முதல்முறை சால்டரிங் இரும்பைப் பிடிப்பவர்களுக்கு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்தான் சரி. எல்எம்386 என்ற சின்ன ஐசி, சில கெபாசிட்டர்கள், ஒரு வால்யூம் குமிழ், 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் ஒரு மாலையில் செய்துவிடலாம். கிடைப்பது அரை வாட் அளவுதான். படுக்கையறைக்கு அது போதும்.

கவனிக்க 3 விஷயங்கள். கிட்டார் சிக்னல் பலவீனமானது. அதை நேரடியாக ஐசியில் கொடுத்தால் ஒலி மங்கும், நடுவில் ஒரு எஃப்இடி டிரான்சிஸ்டர் இருந்தால் தெளிவாக வரும். பேட்டரியின் பிளஸ், மைனஸ் மாறினால் ஐசி போய்விடும். ஸ்பீக்கர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 அங்குல ஸ்பீக்கரில் தகரச் சத்தமாகக் கேட்பது, அதே ஐசியோடு 8 அங்குல ஸ்பீக்கரை இணைத்தால் முழுசாகக் கேட்கும்.

ரெடிமேடாக வாங்குபவர்கள் கடையில் வாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு 3 கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். எங்கே வாசிக்கப் போகிறோம்? நமக்கு வேண்டிய சத்தத்தில் இதன் ஒலி நன்றாக இருக்கிறதா? கெட்டால் நம் ஊரில் யாராவது ரிப்பேர் செய்வார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசிப்பது நல்லது.