ஜெய்பால் சிங் முண்டா: சட்டம் எழுதிய சபையில் ஓர் ஆதிவாசி

ஜவ்வாது மலையில் சட்டம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வனத்துறை வழக்கு, ஜாமீன், வாய்தா ஆகியவைதான். கூலிக்கு மரம் வெட்ட ஆந்திராவுக்குப் போய்ச் சிறையில் கிடந்தவர்கள் இந்த மலையில் பல ஊர்களில் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு.

காட்டில் வாழும் மக்களைக் கேட்காமல் அவர்களுக்குச் சட்டம் எழுதக்கூடாது என்று அரசியல் நிர்ணய சபையிலேயே வாதாடிய ஒருவர் இருந்தார். அவர் ஜெய்பால் சிங் முண்டா.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் குந்தி அருகே உள்ள டகரா கிராமத்தில் 1903 ஜனவரி 3-ல் அவர் பிறந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1900 ஜூன் 9-ல், நிலத்துக்காகப் போராடிய பிர்சா முண்டா ராஞ்சி சிறையில் இறந்திருந்தார். அந்தப் போராட்டத்தின் விளைவாக 1908-ல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. ஆதிவாசி நிலம் வெளியாட்கள் கைக்குப் போவதை அது தடுத்தது. சட்டம் நிலத்தைப் பறிக்கவும் செய்யும், போராடினால் காக்கவும் செய்யும் என்பதை அந்த மண் கண்கூடாகப் பார்த்தது.

ராஞ்சி மிஷன் பள்ளியில் படித்த சிறுவனின் அறிவைக் கண்ட பாதிரியார் ஒருவர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஆக்ஸ்ஃபோர்டில் பொருளாதாரம் படித்தார், ஹாக்கியில் பெயர் எடுத்தார், ஐ.சி.எஸ். பணிக்கும் தேர்வானார். பயிற்சிக் காலத்தில் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ் வந்தது. இந்திய ஹாக்கி அணிக்கு அவர்தான் கேப்டன். விடுப்பு கிடைக்கவில்லை; ஆனாலும் போனார். இந்தியாவுக்கு ஹாக்கியில் முதல் தங்கம் கிடைத்தது அந்தப் போட்டியில்தான். கருத்து வேறுபாட்டால் இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. திரும்பி வந்தபோது பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றார்கள். அவர் ஐ.சி.எஸ். பணியையே விட்டுவிட்டார்.

ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஆசிரியராகப் பணியாற்றிய பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பினார். 1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். அதுமுதல் மக்கள் அவரை 'மராங் கோம்கே' என்று அழைத்தனர். பெரிய தலைவர் என்பது அதன் பொருள்.

1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். டிசம்பர் 19-ல் பேசியபோது, தன்னைக் காட்டுவாசி என்று சொல்லிக்கொள்வதில் வெட்கப்படவில்லை என்றார். ஜனநாயகத்தை ஆதிவாசிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்தச் சபையில் பழங்குடிப் பெண்கள் இல்லாததையும் எடுத்துக்காட்டினார்.

மதுவிலக்கு விவாதத்தில் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் பொருந்தும். அரிசியில் செய்யும் மது அவர்களுக்கு வழிபாட்டோடு சேர்ந்தது. ஒரு சமூகத்தின் வழக்கத்தை அந்தச் சமூகத்தைக் கேட்காமல் குற்றமாக்கலாமா என்று கேட்டார். காட்டுக்கும் இதே கேள்விதான். 1882-ம் ஆண்டின் வனச் சட்டம் வந்தபின், ஒதுக்கப்பட்ட காட்டில் உழுவதும் பொருள் எடுப்பதும் அனுமதி இல்லாவிட்டால் குற்றமாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

பழங்குடிப் பகுதிகள் பற்றி ஆராய்ந்த தக்கர் துணைக்குழுவில் ஜெய்பாலும் உறுப்பினர். தலித் தலைவர் ஜெகஜீவன் ராமும் அதில் இருந்தார். அந்த உழைப்பில் உருவானது அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை. அதன்படி, அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதியில் ஒரு சட்டம் பொருந்தாது என்று ஆளுநர் உத்தரவிடலாம். நிலம் கைமாறுவதைத் தடுக்கலாம், வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்தலாம். பழங்குடியினர் ஆலோசனைக் குழுவும் அதில் உண்டு. ஆனால் 1949 செப்டம்பரில் வந்த இறுதி வடிவத்தில், அந்தக் குழு ஆளுநர் கேட்டால் ஆலோசனை சொல்லும் அமைப்பாகச் சுருங்கியது. ஜெய்பால் அதை எதிர்த்துப் பேசினார். பலன் இல்லை.

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தில் முக்கிய எதிர்க்கட்சியானது. 1963-ல் அதைக் காங்கிரசோடு இணைத்தார். தனி மாநிலக் கோரிக்கையைக் கைவிட்டதாக அவருடைய மக்களே கோபப்பட்டனர். 1970 மார்ச் 20-ல் டெல்லியில் காலமானார். ஜார்க்கண்ட் மாநிலம் 2000 நவம்பர் 15-ல், பிர்சா பிறந்த நாளில் பிறந்தது.

அவர் வாதாடிப் பெற்ற அட்டவணை ஜவ்வாது மலைக்கு எவ்வளவு பயன்பட்டது? நாட்டில் 10 மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. அண்டை மாநிலமான ஆந்திராவிலும் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. அதனால் அந்தப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டுச் சட்டமும் இங்கே பொருந்தாது. ஆலோசனைக் குழு மட்டும் உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பழங்குடி சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டுதான்.

ஆனாலும் கையில் ஒன்றும் இல்லை என்று இருந்துவிட முடியாது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஜவ்வாது மலைக்கும் பொருந்தும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்யும் பழங்குடிக் குடும்பம் உரிமை கோரலாம். மனு முதலில் போக வேண்டிய இடம் கிராம சபை. மனு மீது முடிவு வரும்வரை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. வழக்கில் சிக்கியவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்றால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும்.

2024-ல் ஜவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். குற்றவாளிக் கூண்டு மட்டுமே தெரிந்த மலையிலிருந்து ஒருவர் நீதிபதி இருக்கைக்குப் போயிருக்கிறார். சட்டம் எழுதும் இடத்துக்கும் இந்த மலையின் பிள்ளைகள் போக வேண்டும். ஜெய்பால் தன் மக்களுக்காகக் கேட்டதும் அதுதான்.