ஏர்னெஸ்ற் ஜஸ்ற்: ஒரு கறுப்பின விஞ்ஞானியின் கதை

எங்கட பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கியிருக்கும் நேரம் இது. அதனால் இந்தப் புத்தாண்டு மலருக்கு ஏர்னெஸ்ற் எவரெற் ஜஸ்ற் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

1883இல் அமெரிக்காவின் தென் கரோலைனாவில், சார்ள்ஸ்ரன் நகரில் பிறந்தவர். நாலு வயதில் தகப்பன் இறந்துபோனார். ஆசிரியையான தாய், சம்பளம் போதாமல் பொஸ்பேற் சுரங்கத்திலும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகனைப் படிக்க வடக்கே அனுப்பினார். அவன் பள்ளிப் படிப்பை முடிக்குமுன்னமே அந்தத் தாயும் கண்மூடிவிட்டார்.

1903இல் டார்ட்மத் கல்லூரியில் சேர்ந்தார். விலங்கியல் பேராசிரியர் வில்லியம் பற்றன், தவளை முளையத்தில் வாய்ப்பகுதி எப்படி உருவாகிறது என்ற ஆய்விலே இவரையும் ஈடுபடுத்தினார். ஏ.எல். விலங்கியலோடு படிப்பை விட்டவன் நான். புத்தகத்தில் இருக்கிற தவளையைப் பார்த்துக் கீறுவது ஒன்று. புத்தகத்தில் இல்லாததை நுணுக்குக்காட்டியில் தேடுவது வேறொன்று. பட்டம் எடுக்குமுன்னமே அந்த இரண்டாவது வேலை இவருக்குப் பழகிவிட்டது.

1907இல் மிகச் சிறந்த சித்தியோடு வெளியேறினார். ஆனால் வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் கறுப்பருக்கு இடமில்லை. வாஷிங்ரனில் கறுப்பின மாணவர்கள் படித்த ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். 1909இல் சிக்காகோப் பேராசிரியர் ஃபிராங்க் லில்லி, வூட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வுகூடத்தில் இவரை உதவியாளராகச் சேர்த்தார். மற்ற மாதங்களில் படிப்பித்தல், கோடையில் கடற்புழு முட்டைகளோடு ஆய்வு. இப்படியே பாடுபட்டு 1916இல் சிக்காகோவில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

முட்டையின் மேற்பரப்பு சும்மா கிடக்கும் தோல் அல்ல. ஒரு விந்து நுழைந்தவுடன் அலைபோல மாற்றம் பரவி மற்ற விந்துகளைத் தடுக்கிறது என்று காட்டியவர் இவர்.

அதன்பிறகு எல்லாக் கதவும் திறந்ததா? இல்லை. அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் நிறத்தைப் பார்த்து ஒதுக்கின. 1929இல் நேப்பிள்ஸ், 1930இல் பேர்லின் என்று ஐரோப்பாதான் மதித்தது. 1940இல் நாசிகள் பிரான்சைப் பிடித்தபோது அங்கே தடுப்பு முகாமில் அடைபட்டார். விடுபட்டு நாடு திரும்பி, 1941 ஒக்ரோபரில் 58 வயதில் காலமானார். 1996இல் அமெரிக்கா அவருக்கு முத்திரை வெளியிட்டது.

பெற்றோரே, விடுமுறை வந்தால் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கே எங்கட பெடியளும் வருகினம். காசு தேவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு கோடையாவது அவர்களை ஆய்வுகூடத்துக்கு விடுங்கோ. சோதனைப் புள்ளி மட்டும் மேல்படிப்புக்குப் போதாது. பேராசிரியரிடம் தயங்காமல் போய், ஆய்வில் ஒரு சின்ன வேலை கேட்கச் சொல்லுங்கோ. வழிசொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஆசிரியர்தான் வழி.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.