வானம் பார்த்துக் கணித்தவர்

பூமியே நடுவில் நிற்கிறது என்றும், ஞாயிறும் கோள்களும் அதனைச் சுற்றுகின்றன என்றும் முற்காலத்தவர் பலர் நம்பினர். கேரளத்து அறிஞர் நீலகண்ட சோமயாஜி, ஐந்து கோள்களும் ஞாயிற்றைச் சுற்ற, ஞாயிறு பூமியைச் சுற்றுகிறது எனக் கருதினார். பின்னர், 1543ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில், பூமியும் ஞாயிற்றையே சுற்றுகிறது எனக் கோப்பர்நிக்கஸ் எழுதினார். 1610இல் கலிலியோ தொலைநோக்கியால் வெள்ளிக்கோளின் பிறைகளைக் கண்டார். வெள்ளி ஞாயிற்றைச் சுற்றுவது அதனால் தெளிவாயிற்று.

இத்தகைய புதிய வானியலைத் தென்னாட்டாருக்கு எடுத்துரைத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையிலேயே சென்னை வானாய்வகத்தில் பணியில் சேர்ந்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய வனபர்த்திக்குச் சென்ற குழுவை நடத்தினார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே.

அந்நாளில் சித்தூர், சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. திருப்பதியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. கிரகண வேளையில் கோயில் நடை சாத்துவதும், நோன்பு நோற்பதும், நாள் குறிப்பதும் பஞ்சாங்கத்தையே சார்ந்திருந்தன. பழைய நூல்களின் எண்களில் இருந்த சிறு பிழைகளோ, நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பெருகின. குறித்த நாழிகையும் வானில் காணும் நிகழ்வும் வேறுபட்டன. முன்னோர் தந்த கணக்கை மாற்றலாகாது எனப் பண்டிதர் சிலர் கருதினர். ரகுநாதாச்சாரியோ, கண்ணால் கண்டதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்துவதே முறை என்றார். அம்முறையில் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார்.

1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்றது. வெள்ளியின் பாதை பூமியின் பாதைக்குச் சற்றுச் சாய்ந்திருப்பதால் இந்நிகழ்வு அரிதாக நேர்கிறது. தொலைவிலுள்ள இரண்டு இடங்களிலிருந்து இதனை அளந்தால், ஞாயிற்றின் தொலைவைக் கணிக்கலாம். இவ்வரிய நிகழ்வை மக்கள் முன்னரே அறிந்து நோக்குமாறு, அவர் விளக்க நூல் ஒன்றை எழுதினார். அந்நூல் இந்திய மொழிகளிலும் வெளிவந்தது.

ரகுநாதாச்சாரி 1880இல் மறைந்தார். முன்னோர் கணக்கை அவர் இகழவில்லை. வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். முன்னோரும் வானத்தை நோக்கியே அக்கணக்கைத் தொடங்கினர் அன்றோ!